மெல்லிய தாள்கட்டு

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்துக் கோணலாய் வரும், நடந்ததில் பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கொரு சிறுவயது நினைவு வேண்டுமாம். கூட்டத்தில் வாய் திறக்காதவள், எழுதியாவது தரட்டும் என்றார்கள்.

ரொறன்ரோவுக்கு நான் தொண்ணூற்றொன்றில் வந்தது. அங்கே அஜின்கோர்ட்டில் பெறாமகளோடு, ஒன்றுவிட்ட அக்காவின் மகளோடு, இருக்கிறேன். அவளும் புருஷனும் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நானும் வீட்டைச் சூடாக்குகிற ஹீற்றரின் சத்தமும்தான். நாலு மணிக்கு அவளுடைய மகள் வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான பள்ளிக்கூடத்து வயோலாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். தாயைக் கேட்டு அவளும் என்னைக் குஞ்சம்மா என்றே கூப்பிடுவாள். போன மாசியில் புதிதாக ஒன்று பழகினாள். இரண்டு இழுப்பு இழுப்பாள், நிறுத்துவாள், வாய்க்குள் எண்ணுவாள், பிறகு ஒரு இழுப்பு.

“என்னடி, விட்டு விட்டு வாசிக்கிறாய்? மிச்சம் மறந்து போச்சே?”

“ஐயோ குஞ்சம்மா, இது என்ர பார்ட் மட்டும். நாலு பேருக்கும் வேற வேற பேப்பர். எல்லாரும் சேர்ந்தாத்தான் பாட்டு. இந்தப் பாட்டை எழுதின ஆளுக்கு அப்பப் பதினெட்டு வயசுதானாம், தெரியுமே?”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். நாலு தாளும் சேர்ந்தால்தான் பாட்டு என்பது அறுபது வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா இல்லை. அப்பா கொழும்பில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல். குசினிக்குப் பின்னால் ஓர் அறையில் நாங்கள் இரண்டு பேரும். அந்த வீட்டில் என்னோடு பேச ஒருவரும் இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் துரையும் மூன்று சிநேகிதரும் வட்டமாக இருந்து வயலின் வகைகள் வாசிப்பார்கள். கதவுக்குப் பின்னால் நிற்பேன். மெதுவாகப் போகிற ஓரிடம் வரும். யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அந்தப் பாட்டு அவர்கள் பார்த்து வாசிக்கிற தாளுக்குள்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அங்கே இருந்த நாலு தாள்கட்டுகளிலும் ஆக மெல்லியதை எடுத்துப் பாய்க்குக் கீழே வைத்தேன். தனியே இருக்கும்போது காதில் வைத்துக்கூடப் பார்த்தேன்.

அடுத்த சனி ஒருவரும் வாசிக்கவில்லை. மூன்று கட்டு இருக்கிறதே, இவர்களுக்கு என்ன கேடு என்று எனக்குக் கோபம் வந்தது. கப்பலில் வந்த தாள்களாம். அடுப்பு மூட்ட எடுத்தாயா என்று துரை அப்பாவைக் கேட்டார். இல்லவே இல்லை என்றார் அப்பா. திங்கட்கிழமைக்குள் தேடிக் கொடு என்றார் துரை.

ஞாயிறு காலை, எப்போதும் நானே சுருட்டுகிற என் பாயை அப்பாவே சுருட்டினார். பிறகு பார்த்தால் தாளைக் காணோம். திங்களன்று துரைக்கு முன்னால் போய், நான்தான் எரித்தேன் என்றார். அந்தக் கிழமை முடிவதற்குள் வேலை போனது.

என்னை யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் விடக் கூட்டிப் போனார். பிறகு தேயிலைத் தோட்டமொன்றில் சமையலுக்குப் போனவர், வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். யாழ்ப்பாணம் போகிற ரயிலில் அப்பா குனிந்து கேட்டார்:

“அந்தத் தாளிலை என்னம்மா இருந்தது?”

“எந்தத் தாள்?” என்றேன்.

அவர் யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தப்பிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். செய்யாததை ஓமென்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு அப்பா பயந்தவர் என்று அப்போது வெட்கமாகவும் இருந்தது.

அந்தக் கட்டு வயோலாவுடையதா, அதுவும் இவள் பழகியதும் ஒரே பாட்டா, பதினெட்டு வயது சரியா, எனக்குத் தெரியாது. சங்கீதம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அப்பா கேட்டதையும் நான் சொன்னதையும் மட்டும் அப்படியே விடுங்கள்.