ஆர்த்திக்குப் பிடித்த பர்கர்

சுருளிவேலிடம் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்பார். ஆறிப்போன டீ நல்லாருக்கும், உப்பில்லாத குழம்பு நல்லாருக்கும். கல்யாணச் சட்டையில் ஒரு கை நீளமாகவும் மற்றது குட்டையாகவும் வந்து நின்றபோதுகூட டெய்லரிடம் அதையேதான் சொன்னார். மூணாறுக்கு மேலே ஒரு டீ எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து அரைக்கும் மிஷின் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சலில் என்ன பேசி யாருக்குக் கேட்கப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டார் என்பார்கள். அது முழு உண்மை இல்லை. எதிரில் இருப்பவரின் முகம் சுருங்குவதைப் பார்க்கச் சகிக்காத மனுஷன், அவ்வளவுதான். இப்படிப்பட்ட நல்லவர்களால் ஒரு வீட்டுக்கு வருகிற கேடு கொஞ்சநஞ்சமல்ல.

மனைவி ராமுத்தாய் கொழுந்து கிள்ளப் போகிறவள். தனக்கும் புருஷனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். இரண்டு பேருக்கும் ஒரே பெண், ஆர்த்தி. பன்னிரண்டாவது முடித்ததும் டவுனில் ஏலக்காயும் சாக்லேட்டும் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர் பார்க்க வருகிறவர்களிடம் நாலு மொழியில் பேசி ஒரு கிலோ வாங்க வந்தவர் தலையில் மூன்று கிலோ கட்டிவிடுகிற சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது. அது அம்மாவின் வாய் என்று எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள்.

முதல் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை, ஆறு மணி ஜீப்பில் வந்து இறங்கியவள் கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் பர்கர். நடுவில் அறுத்த வட்டப் பன், உள்ளே பீட்ரூட் போட்டுச் சிவந்த கட்லெட், வெங்காயம், மேலே வழவழவென்று வெள்ளையாக ஒன்று.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் இதத்தான்ப்பா கேக்குறாங்க. நீங்க தின்னுருக்கவே மாட்டீங்கள்ல, தின்னு பாருங்க."

ராமுத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "ரொட்டியெல்லாம் காய்ச்சக்காரங்க திங்கிறது, எனக்கு வேணாம்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். சுருளிவேல் கடித்தார். அந்த வெள்ளை வழவழப்பு நாக்கில் பட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பெண் எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் சம்பளம் வேறு.

"நல்லாருக்குத்தா. ரொம்ப நல்லாருக்கு" என்றார். சொன்னதோடு நிற்காமல், தனக்குப் பாதி போதும் என்று மீதியைப் பிய்த்து அவள் கையில் திணித்தார். அவளும் தின்றாள், முகம் மலரத் தின்றாள். இதுதான் பிள்ளைக்கு ஆசை, நமக்கு என்று சாக்குச் சொல்லி வாங்கி வருகிறது என்று அவர் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. மூன்று வருஷம் ஒரு சம்பளச் சனிக்கிழமைகூட விட்டுப்போகவில்லை. அப்பனும் மகளும் பாதிப்பாதியாகத் தின்று முடிப்பார்கள். பொட்டலம் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருஷம் மழை பிடித்து விடாமல் பெய்த மாதத்தில் ஆர்த்திக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் சளிக்காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரை போட்டார்கள். பிறகு எலிக்காய்ச்சல் என்றார்கள். கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்று, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலன் இல்லை. எட்டே நாள். இருபத்தொரு வயது.

கல்யாணமாகாமல் போன பெண் அவர்கள் ஜனங்களுக்கு வீட்டுக் கன்னி. வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை தாவணி, வளையல், ரிப்பன், பூ எல்லாம் பலகையில் வைத்து, உயிரோடு இருந்தபோது அவள் ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் இலை நிறையப் படைக்க வேண்டும். கன்னி மனம் குளிர்ந்தால் வீட்டைக் காப்பாள். ஆசைப்பட்ட ஒன்று விட்டுப்போனாலும் உள்ளே வர மாட்டாமல் வாசலிலேயே ஏங்கி நிற்பாள். ராமுத்தாய் இதைச் சாமி சத்தியமாக நம்பினாள். சுருளிவேல் நம்பினாரா என்று தெரியாது. பெண் வாசலில் மழையில் நிற்பதுபோல் நினைத்துப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.

முதல் படையல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ராமுத்தாய் விடியுமுன்னே எழுந்து கேசரி, சுண்டல், முறுக்கு என்று ஆரம்பித்துவிட்டாள்.

"நான் எல்லாம் செஞ்சுருவேன். அந்தப் பர்கரு மட்டும் என்னால ஆகாது. நீங்கதான் போயி வாங்கிட்டு வரணும். வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருங்க. கண்டத வாங்கிட்டு வந்துராதீங்க, எம்புள்ள தின்ன அதே பர்கரு வேணும்."

சரி என்று ஜீப் ஏறிவிட்டார். டவுனில் இறங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அதே பர்கர் என்றால் எது? மூணாறில் இப்போது தடுக்கி விழுந்தால் பர்கர் கடைதான். ஆர்த்தி வேலை பார்த்த கடையில் கேட்டால் நொடியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவள் விட்டுப்போன குடையையும் சோற்றுப் பாத்திரத்தையும் வாங்கி வந்த நாளுக்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் அவர் கால் போனதில்லை. டவுனுக்கு எப்போது வந்தாலும் எதிர் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவார். இன்றும் அப்படியே கடந்தார். நாக்குக்குத் தெரியாததா, தின்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட கடை. அட்டையில் விலையைப் பார்த்ததுமே இது ஆர்த்தி வாங்கியிருக்கக்கூடிய கடை இல்லை என்று தெரிந்துபோனது. நுழைந்துவிட்டோமே, எழுந்து போனால் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று உட்கார்ந்தே இருந்தார். பர்கர் ஒரு மரப்பலகையில் ஆளுயரத்துக்கு வந்தது, கூடவே கத்தியும் வந்தது. ஒரு வாய் கடித்தார். கட்லெட் கட்டியாக இருந்தது. கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் போய்விட்ட வாயில் அது புரளவே இல்லை.

"எப்படி இருக்கு அங்கிள்?" என்று பரிமாறிய பெண் கேட்டாள்.

"நல்லாருக்கும்மா" என்றார்.

அடுத்தது பஜாரில் ஒரு பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலேயே செய்து அடுக்கிய பர்கர்கள் சில்லிட்டுக் கிடந்தன. பக்கத்திலேயே நீளப் பன்னுக்குள் சாஸேஜைப் படுக்கவைத்த ஹாட்டாக். பர்கர் இல்லாவிட்டால் இதைக் கொண்டுபோங்கள், விலை குறைவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று கடைக்காரர் அதைத் தலையில் கட்டப் பார்த்தார். பிள்ளைகளுக்கு என்ற சொல்லைக் கேட்டு சுருளிவேல் அதையும் ஒன்று வாங்கிக்கொண்டார். பர்கரைப் பிட்டு வாயில் போட்டால் பன் இனித்தது. இதுவும் இல்லை. மூன்றாவது கடையில் காரம் கண்ணைக் கலக்கியது. நாலாவதில் கட்லெட்டுக்குப் பதிலாக எதையோ பொரித்து வைத்திருந்தார்கள். ஆயுசில் பிடிக்காத ஒன்றை ஊரெல்லாம் தேடித் தேடி விலை கொடுத்துத் தின்றுகொண்டு அலைந்தார் அந்த மனுஷன். ஒவ்வொரு கடையிலும் நல்லாருக்கு என்று வேறு சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு மணிக்கு மழை தூறத் தொடங்கியது. மேலே போகும் ஜீப்புக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. வேறு வழி தோன்றவில்லை. ஆர்த்தி வேலை பார்த்த கடைக்கு எதிரே வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தெருவைக் கடந்து படியேறினார்.

ஆர்த்தியோடு கவுண்டரில் நின்ற இந்துதான் இருந்தாள். அவரைப் பார்த்ததும் எடுத்த ஏலக்காய்ப் பொட்டலத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா..." என்றாள். அவர் வந்த காரியத்தைச் சொன்னார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஜோபி சேட்டன் தட்டுக்கடைப்பா. அங்கதான் வாங்குவா" என்று குடை பிடித்துக்கொண்டு பாதித் தூரம் கூடவே வந்து கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

தார்ப்பாய் கட்டிய சின்னக் கடை. முன்னால் ஆட்டோக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும் நின்றார்கள். நல்ல பர்கரை நம் கைக்கு எட்டுகிற விலையில் தருகிற கடை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஜோபி நாற்பது வயதுக்காரர், மலையாளம் கலந்த தமிழ். ஆர்த்தியின் அப்பா என்று சொன்னதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"அவளுக்குப் படையல். அவ ஆசையாத் திங்கிற பர்கர் ஒண்ணு வேணும் தம்பி" என்றார் சுருளிவேல்.

ஜோபி அவரை ஒருமாதிரி பார்த்தார்.

"அவளுக்கா? அந்தக் குட்டிக்கு பர்கர் ஆகவே ஆகாதே சேட்டா. மயோனைஸ் டப்பாவைத் திறந்தா மூக்கைப் பொத்திட்டுத் தள்ளிப் போய் நிப்பா. ஏன் பின்ன மாசாமாசம் வாங்குறேன்னு நான் கேட்டிருக்கேன். எங்க அப்பாவுக்கு இதுன்னா உயிரு, தனியாத் திங்க மாட்டார், நானும் கூட உக்காந்து தின்னாத்தான் திம்பார்னு சொல்லுவா."

ஜோபி விரலை மடக்கி எண்ணினார்.

"அப்பாவுக்குப் பல்லில்லை, கட்லெட்டை ரெண்டு தடவை மசிச்சுப் போடுங்க, காரம் குறைச்சிப் போடுங்க, பன்னை ஆவியில காட்டிக் குடுங்கன்னு ஆயிரம் சட்டம். அந்த பர்கர் வேற யாருக்கும் போட்டதில்லை. உங்களுக்கு மட்டும்தான்."

நாலு கடையிலும் ஏன் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அப்ப அவ இங்க என்னதான் திம்பா?"

"ஒண்ணும் வாங்கித் திங்க மாட்டா. இங்க உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் பொரிக்கிறோமில்ல, கூடைக்கு அடியில பொடிசா, முறுகலாக் கொஞ்சம் கிடக்கும், விற்கிறதுக்கு ஆகாது. அதை அள்ளி உப்பும் மிளகாப்பொடியும் தூவிக் குடுத்தா நின்னுட்டே திம்பா. என்ன சந்தோசம் தெரியுமா அதுல!"

ஜோபி ஃப்ரைஸ் பொரித்தார். பொடியாக முறுகட்டும் என்று கூடுதலாக விட்டு எடுத்தார். கேட்காமலேயே ஒரு கட்லெட்டை இரண்டு தடவை மசித்து ஒரு பர்கரும் போட்டுக் கட்டினார். காசு வேண்டாம் என்றதற்கு, கன்னிக்கு வைப்பதை இனாமாக வாங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு சுருளிவேல் ஜீப்புக்கு ஓடினார்.

வீட்டில் பலகை தயாராக இருந்தது. பச்சைப் பாவாடை, ரோஸ் தாவணி, வளையல், இலை நிறையப் பலகாரம். ராமுத்தாய் பர்கருக்கு நடுவில் இடம் விட்டு வைத்திருந்தாள். அவர் ஃப்ரைஸ் பொட்டலத்தைப் பிரித்து அந்த இடத்தில் வைத்தார்.

"இது என்ன?"

அவர் சொன்னார். வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாக அவர் பேசியது அன்றைக்குத்தான். தனக்கும் அது ஒருநாளும் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். ராமுத்தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பிடிக்கலன்னு ஒரு வார்த்தை" என்றாள் கடைசியில். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் காசுக்கு எம்புள்ள தனக்குன்னு ஒரு தட்டு வாங்கி உக்காந்து தின்னுருப்பாளே. அடிக்கூடையில கெடந்தத நின்னுகிட்டுத் தின்னாளாமே."

அவர் அழுதார். அவளும் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை, இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேசரி, சுண்டல், முறுக்கு, தேங்காய்ப்பால் விட்ட இடியாப்பம் என்று தன் கையால் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அம்மா எது செய்து கொடுத்தாலும் தட்டைத் துடைத்து வைத்த பெண் அது.

"இந்தக் கேசரி அவளுக்குப் பிடிக்கும்தானேங்க?" என்று கேட்டாள்.

சுருளிவேல் வாயைத் திறந்தார். பிடிக்கும் என்று சொல்லிவிடத்தான் நினைத்தார். பிறகு, "தெரியலயே" என்றார்.