இடி இடித்தால் இருண்டுபோகும் காக்பிட்

1. ஏரோபிளேன் ரிப்பேர்

“மேடம், என் ஏரோபிளேன்ல மீட்டர் எதுவும் காட்ட மாட்டேங்குது. இன்னைக்கே வர முடியுமா?”

பாபநாசத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவளுக்கு இப்படி ஒரு போன் வந்தால் என்ன நினைப்பாள்? யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ரைஸ் மில் பில்லிங், கூட்டுறவுச் சங்கத்துப் பிரிண்டர், ரேஷன் கடையின் கைரேகை மெஷின், இவைதான் என் பிழைப்பு. ஏரோபிளேனுக்கு வேறு ஆள் பாரும்மா என்று வைத்துவிடப் போனேன். அந்தப் பெண் விடவில்லை.

“விளையாட்டு இல்ல மேடம். திங்கக்கிழமை எனக்கு டெஸ்ட்டு.”

பெயர் நஸ்ரின். பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டு, வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். ஒரே ஒரு விமானக் கம்பெனி இப்போது கூப்பிட்டிருக்கிறது. டெஸ்ட்டில் வெளியே எதுவும் தெரியாதபடி செய்துவிட்டு, மீட்டர்களை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டி இறக்கச் சொல்வார்களாம். அதற்குத்தான் வீட்டிலேயே விமானி உட்காரும் இடம்போல ஒரு காக்பிட் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். மீட்டர் தெரியாவிட்டால் எதைப் பார்த்துப் பழகுவது? இது தவறினால் அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கும்பகோணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சம்பா வயல்களுக்கு நடுவே தனியாக நின்றது வீடு. மாடி அறையில் சுவரளவு டிவி, அதில் வானமும் ரன்வேயும். விமானம் ஓட்டுவதை அப்படியே திரையில் காட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடுவது அதோடு இணைத்த பெரிய கம்ப்யூட்டரில். பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், சின்ன மானிட்டர். வேகம், உயரம், திசை காட்டும் மீட்டர்களை மட்டும் அந்த மானிட்டரில் வரைவதற்கு ஓர் ஆட்-ஆன் சாஃப்ட்வேர் போட்டிருந்தாள். பெரியது நெட்வொர்க் வழியாக விவரத்தை அனுப்பும், பழையது வாங்கிக் காட்டும். இரண்டும் கீழே ஹாலில் இருந்த ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைந்திருந்தன. இப்போது சின்ன மானிட்டர் கறுப்பாக இருந்தது. சிமுலேட்டருக்காகக் காத்திருப்பதாக ஒரே ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில்.

“நேத்து வேலை செஞ்சுது மேடம். காலைல இல்ல. ஆட்-ஆனை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். சிமுலேட்டரையே திரும்பப் போட்டேன். நெட்ல யாரோ ஃபயர்வாலை ஆஃப் பண்ணச் சொன்னாங்க, அதையும் பண்ணிட்டேன். சில நாள் தானா வருது, சில நாள் வரவே மாட்டேங்குது.”

திரும்பப் போட்டேன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றுவது போன்ற வைத்தியம் அது. ஒரு நாள் வந்து ஒரு நாள் வராத கோளாறு சாஃப்ட்வேருக்கு வெளியேதான் பெரும்பாலும் இருக்கும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. பதில் சொன்னது யார்?

நெட்வொர்க் வேலையில் நான் முதலில் செய்வது பிங். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றின் ஐ.பி. முகவரிக்கு “இருக்கியா?” என்று குரல் கொடுப்பது. இருந்தால் பதில் வரும். பெரிய கம்ப்யூட்டரின் முகவரியை நஸ்ரின் ஆட்-ஆனுக்குள் போட்டு வைத்திருந்தாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் அடித்தேன். டக் டக்கென்று பதில் வந்தது.

அப்படியானால் கேபிள் சரி, ரவுட்டர் சரி, கோளாறு ஆட்-ஆனில்தான் என்று முடிவு கட்டினேன். சற்று முன்னால் அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் கொடுத்த டோஸை மறந்துவிட்டு, நானும் அதே ஆட்-ஆனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். போர்ட் நம்பரைப் பார்த்தேன், வெர்ஷனைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. நஸ்ரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதற்கும் கேபிளை மாற்றிப் பார்ப்போம் என்று பெரிய கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து லேன் கேபிளை உருவினேன். தற்செயலாகத் திரும்பினால், பிங் விண்டோவில் பதில் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. கேபிள் என் கையில் தொங்குகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நஸ்ரின், கீழ யாரு இருக்கா?”

“அம்மா இருக்காங்க. துபாய்ல அண்ணன்கூட வீடியோ கால் பேசிட்டிருக்காங்க.”

“ஒரு நிமிஷம் போன்ல வைஃபைய ஆஃப் பண்ணச் சொல்லும்மா.”

படிக்கட்டில் நின்று கத்தினாள். கீழே ஏதோ முணுமுணுப்பு. அடுத்த நொடி பிங் நின்றது.

இத்தனை நேரமும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அவள் அம்மாவின் போன். ரவுட்டர் என்பது வருகிறவர்களுக்கு வரிசையாக முகவரி கொடுக்கிற பெட்டி. கரண்டைப் பிடுங்கினால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பது அந்தப் பெட்டிக்கு மறந்துபோகும். மறுபடி உயிர் வந்ததும் முதலில் வருகிறவருக்கு முதல் முகவரி. ஆட்-ஆனில் இருந்தது அந்த முதல் முகவரிதான். பெரிய கம்ப்யூட்டர் முந்திக்கொண்டால் மீட்டர் தெரியும். அம்மாவின் போன் முந்திக்கொண்டால், பாவம், ஆட்-ஆன் அந்தப் போனுக்குள் விமானத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

“ரவுட்டரை யாராவது ஆஃப் பண்றாங்களா?” என்று கேட்டேன்.

நஸ்ரின் கீழே கைகாட்டினாள்.

3. ஹாஜிரா அக்கா

“இடி இடிச்சா பிடுங்காம என்ன பண்ணுவாங்க?” என்றார் அவள் அம்மா ஹாஜிரா. கையில் போன், முகத்தில் கோபம். “போன மழைக்கு டிவி போச்சு, மோடம் போச்சு, ஃபேன் ஒண்ணு புகைஞ்சு போச்சு. அன்னையிலேருந்து வானம் லேசா உறுமுனாலே எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடுவேன்.”

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். தண்ணீர் நிற்கிற வயல், நடுவே ஒற்றை வீடு, மின்னலுக்கு வேறு இடமா இல்லை? முதல் உறுமலுக்கு ஒருவர் ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்குவார், ஒருவர் மோட்டாரை நிறுத்துவார். என் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

“ரவுட்டரை மட்டும் விட்டுடுங்கக்கா,” என்றேன்.

“போன தடவை அந்த வயர் வழியாத்தாம்மா மின்னல் உள்ள வந்துச்சு.”

அது உண்மையாகவே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் என் கடைக்கு வருகிற கருகிய போர்டுகளில் பாதி அப்படிக் கருகியவைதான்.

நஸ்ரினின் அப்பா ஊடே புகுந்தார். வளைகுடாவில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய மனிதர், சாது. “ஏம்மா, டெஸ்ட்டு முடியிற வரைக்குமாவது பிளக்கைத் தொடாம இவளைச் சும்மா இருக்கச் சொல்லுங்களேன்.”

“டெஸ்ட்டுக்காக வீட்டை எரியவிடச் சொல்றீங்களா?”

“நீ பிடுங்கிப் பிடுங்கித்தாம்மா என் பிராக்டீஸே போச்சு!” என்று நஸ்ரின் வெடித்தாள். “ஃபெயிலாயிட்டு வந்து நானும் உங்கூட பிளக்கு பிடுங்கிட்டு உட்கார்ந்திருக்கேன், போதுமா?”

ஹாஜிரா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவார்கள் என்பதை அந்த ஆட்-ஆனை எழுதியவன் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

“யாரும் எதையும் மாத்திக்க வேணாம்,” என்றேன். “அக்கா பாட்டுக்குப் பிடுங்கட்டும். நான் வேற வழி பண்றேன்.”

4. வேறு வழி

ரவுட்டருக்குள் போய், பெரிய கம்ப்யூட்டருக்கு இந்த முகவரியை யாருக்கும் தராதே என்று பூட்டிவைப்பது ஒரு வழி. ஆனால் ரவுட்டர் இன்டர்நெட் தருகிற கேபிள்காரர் கொடுத்தது. போன் போட்டுப் பாஸ்வேர்டு கேட்டேன். “அதெல்லாம் முன்னாடி இருந்த பையன் வச்சது, எனக்குத் தெரியாது மேடம்” என்றார். சரி, ரவுட்டரே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பெரிய கம்ப்யூட்டர் இன்டர்நெட்டை வைஃபையில் எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினேன். காலியான லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை நேராகப் பழைய கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். ரவுட்டர் கொடுக்கிற வரிசைக்குச் சம்பந்தமே இல்லாத முகவரிகளை இரண்டுக்கும் கையால் போட்டேன். ஆட்-ஆனிலும் அதையே போட்டேன். வெளியாள் உள்ளே புகாமல் காக்கிற, அணைத்து வைத்திருந்த ஃபயர்வாலைத் திரும்ப ஆன் செய்து, இந்த ஆட்-ஆனுக்கு மட்டும் வழிவிடச் சொன்னேன். முழு ஃபயர்வாலையும் அணைக்கச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

சின்ன மானிட்டரில் மீட்டர்கள் எரிந்தன. நஸ்ரின் துள்ளி எழுந்தாள்.

“உட்காரு. இன்னும் முடியல,” என்றேன். “நீ திருச்சி ரன்வேல இறங்கு. அக்கா, நீங்க வாங்க. இடி இடிக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு எல்லாத்தையும் பிடுங்குங்க.”

“நெசமாவா?” என்றார் ஹாஜிரா அக்கா.

“நெசமாத்தான். எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே.”

விமானம் பாதி இறங்கியிருக்கும்போது அறை மொத்தமும் இருண்டது. அக்கா ஒரு பிளக்கையும் விட்டுவைக்கவில்லை. பிறகு அவர் வழக்கப்படியே முதலில் ரவுட்டரைச் செருகினார், மகனுக்கு வீடியோ கால் போட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அதற்கப்புறம்தான் மாடிக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நஸ்ரின் சிமுலேட்டரைத் திறந்தாள்; செட்டிங் எதையும் யாரும் தொடாமல் வேகம், உயரம், திசை எல்லாம் தானாக வந்து நின்றன. நஸ்ரின் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நல்ல மழை, நல்ல இடி. எனக்குப் போன் வரவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் நல்ல செய்தி.

5. பிறகு

நஸ்ரின் தேர்வாகிவிட்டாள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பக்கத்துக் கடை, எதிர்க்கடை எல்லோரிடமும், பைலட்டு, நம்ம கஸ்டமர் என்று சொல்லித் தீர்த்தேன்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு மனிதர்களின் பழக்கத்தையும் நெட்வொர்க்கில் ஒரு பாகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழக்கத்துக்குப் பின்னால் காரணம் இருக்கும், பயம் இருக்கும். அதை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, கேபிளை வேறு பக்கம் இழுப்பது எளிது.

கிளம்பும்போது ஹாஜிரா அக்கா மட்டும் என் மேஜையருகே நின்றுவிட்டார். மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“ஏம்மா மாலதி, வீட்டுல இடிச்சா நான் ஓடிப்போய்ப் பிடுங்கிடுவேன். இவ மேல போறப்ப இடிச்சா யாரு பிடுங்குவா?”

ஆனாலும் வாசலில் நின்ற நஸ்ரினுக்கு அது கேட்டுவிட்டது. திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேல யாரும் எதையும் பிடுங்க மாட்டாங்கம்மா. இடி எங்க இருக்குன்னு ரேடார்ல முன்னாடியே தெரிஞ்சிடும். அந்தப் பக்கமே போகாம சுத்திப் போயிடுவோம்.”

“சுத்திப் போனா லேட்டாகாதா?”

“ஆகும்மா.”

“ஆகட்டும்,” என்றார் ஹாஜிரா அக்கா. “யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும். நீ சுத்தியே வா.”