ஒரு கை முந்திரியின் எடை

என் தங்கையின் முந்திரிக் கடைக்குக் கதவு கிடையாது. ஆலங்குடியில் அவள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு மின் தராசு, சுவரோரம் அடுக்கிய அட்டைப் பெட்டிகள், ஒரு கைபேசி. அவ்வளவுதான் கடை. கைபேசியில் மணி அடித்தால், எங்கோ பூனாவிலோ பெங்களூரிலோ ஒருவர் நானூறு கிராம் முந்திரிப் பருப்புக்குப் பணம் கட்டிவிட்டார் என்று அர்த்தம். மாலை ஐந்து மணிக்குக் கூரியர்காரர் வண்டியில் வந்து அன்றைய பெட்டிகளை எடுத்துப் போவார்.

கடை தொடங்கி ஒரு வருடம் ஆனபோது அவள் என்னை அழைத்தாள். நான் திருக்கோகர்ணத்தில் இருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இருபத்தாறு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்பது வரைக்கும் அதில் இருக்கும். குடும்பத்தில் இதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனால் கணக்கில் சிக்கல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம வாரியா? கட நல்லா ஓடுது. ஆனா கையில ஒண்ணும் நிக்கல. எங்கிட்டுப் போவுதுன்னே தெரியல."

"ஒரு பெட்டிக்கு எவ்வளவு நிக்குது?"

"எம்பது ரூவா. அது எனக்கு மனப்பாடம்."

"மாசத்துக்கு எத்தன பெட்டி?"

"இருநூத்திப் பத்து போச்சு போன மாசம்."

பெருக்கிப் பார்த்தேன். பதினாறாயிரத்து எண்ணூறு. அது அவள் கையில் இல்லை.

இதில் வெறும் கடைக் கணக்கு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒப்பந்தம் முடிகிறது. மேலும் இரண்டு வருடங்களுக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். கடையிலிருந்து மாதம் பதினைந்தாயிரம் உறுதியாக வந்தால், தென்னந்தோப்பு வருமானத்தோடு சேர்த்துச் சமாளித்துவிடலாம், வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூட நாட்களில் பெரும்பகுதியை அவர் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். ஆகவே தங்கைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு எண். ஆனால் அது உண்மையான எண்ணாக இருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு காலை 7.40 பேருந்தில் போனேன். அவள் சொன்ன எண்பதைச் சரிபார்த்தேன். பெட்டி நானூற்று நாற்பது ரூபாய்க்கு விற்கிறது. கிலோ எழுநூறுக்கு வாங்கிய பருப்பு என்பதால் நானூறு கிராமுக்கு இருநூற்று எண்பது. கூரியர் அறுபத்திரண்டு. பெட்டி, கவர், ஒட்டுநாடா, முகவரித் தாள் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு. மீதி எண்பது. பிசகில்லை.

ஒன்றை மட்டும் அவள் விட்டிருந்தாள். பணம் வந்து சேரும் வழியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்பது ரூபாய் கட்டணம் பிடித்துக்கொண்டுதான் அவள் கணக்கில் போடுகிறார்கள்.

"ஒம்பது ரூவாயா? எனக்கு வர்ற பணத்த எனக்குக் குடுக்குறதுக்கா?"

"ஆமா."

"பஸ்ஸுல ஏறாமலே டிக்கெட்டு."

எண்பது எழுபத்தொன்றானது. அப்போதும் மாதம் பதினைந்தாயிரத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்க வேண்டும். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்கிறாளே. திரும்பி வரும் பேருந்தில் இதையே யோசித்துக்கொண்டு வந்ததில், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி ஒரு நிறுத்தம் போய்விட்டேன். அதையும் எழுதி வைத்தேன்.

இரண்டாம் ஞாயிறு தராசின் மேல் சந்தேகப்பட்டேன். பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப் போய் வைத்தேன். 1003 காட்டியது. மூன்று கிராம் கவருடையது. தராசு யோக்கியமானது. பருப்பு மூட்டையைப் பார்த்தேன். எலி இல்லை, வண்டு இல்லை. ஆனால் வாங்கிய பருப்புக்கும் விற்ற பருப்புக்கும் இடையே மாதம் எட்டுக் கிலோவுக்கு மேல் துண்டு விழுந்தது.

"புள்ள திங்கிதோ?" என்றாள் தங்கை.

"எட்டுக் கிலோவா?"

"அதான. ஒடம்புல தெரியணுமே."

மூன்றாம் ஞாயிறு கூரியர் கணக்கைத் திறந்தேன். அவள் கூரியர் கம்பெனியின் ஆப்பில் முன்பணம் போட்டு வைத்திருந்தாள். பெட்டி அனுப்ப அனுப்ப அதிலிருந்து கழியும். குறைந்தால் மறுபடி போடுவாள். "அது பெட்ரோல் மாதிரிண்ணே, தீரும், ஊத்துவேன்" என்று அவளே சொன்னாள். வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் முதலில் அறுபத்திரண்டு ரூபாய் கழிந்திருந்தது. நான்கு நாள் கழித்து, அதே பெட்டியின் பெயரில், இன்னொரு நாற்பத்திரண்டு.

எடை வித்தியாசம் என்று காரணம் போட்டிருந்தது. பெட்டி அரைக் கிலோவுக்குள் இருந்தால் அறுபத்திரண்டு. ஒரு கிராம் தாண்டினாலும் நூற்று நான்கு. கூரியர் கம்பெனிக்காரர்கள் தங்கள் கிடங்கில் மறுபடி எடை போட்டுப் பார்த்து மீதியைப் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் செய்தி வந்திருக்கிறது. வேலை மும்முரத்தில் அவள் விரலால் தள்ளிவிட்டிருக்கிறாள்.

"நானூறு கிராம் பருப்பு, எழுபது கிராம் பெட்டி. நானூத்தி எழுபதுதானண்ணே? அரைக் கிலோவுக்குள்ள இருக்கணும்னுதான் நானூறுன்னே வச்சேன். ஏமாத்துறானுங்க."

அப்படித்தான் எனக்கும் தோன்றியது. ஆனால் பழைய மாதங்களின் வரிகளையும் பார்த்தபோது, நான்கு மாதம் முன்பு மூன்று நாட்களுக்கு அந்த நாற்பத்திரண்டு இல்லவே இல்லை. இருபத்து மூன்று பெட்டிகள். ஒன்றுக்கும் கூடுதல் பிடித்தம் கிடையாது. ஏமாற்றுகிறவர்கள் மூன்று நாள் விடுமுறை எடுப்பார்களா? தேதியைச் சொல்லி, அன்றைக்கு என்ன என்று கேட்டேன்.

"விராலிமலைக்குப் போயிருந்தோம்ல, சின்ன மாமியா பேரனுக்கு மொட்ட போட. அங்கிட்டே மூணு நாள் தங்கிட்டோம். பக்கத்து வீட்டு அக்காதான் பெட்டி போட்டு அனுப்பிச்சு."

பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டியவர், ஏதோ குற்றம் சாட்டப்போகிறோம் என்ற முகத்தோடு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நா ஒண்ணும் பண்ணலங்க. நானூறு காட்டுச்சு, கவர ஒட்டுனேன். பெட்டியில வச்சேன். வேற என்ன இருக்கு?"

"நீங்க போட்ட மாதிரியே ஒண்ணு போட்டுக் காட்டுங்க" என்றேன்.

போட்டார். கவரைத் தராசில் வைத்துப் பருப்பை அள்ளினார். 396. நான்கைந்து பருப்பை விரலால் எடுத்து வைத்தார். 401. ஒன்றைத் திரும்ப எடுத்தார். 400. கவரை ஒட்டினார், பெட்டியில் வைத்து மூடினார். முழுப் பெட்டி 470.

"இப்ப நீ போடு" என்று தங்கையிடம் சொன்னேன்.

அவளும் அதேபோல் அள்ளினாள். 400. கவரைத் தராசிலிருந்து எடுத்தாள். ஒட்டுவதற்கு முன், வலது கை மூட்டைக்குள் போய் ஒரு கைப்பிடி பருப்பை அள்ளிக் கவருக்குள் போட்டது. ஒட்டினாள். பெட்டி 511.

"என்னத்தா இது?"

"எது?"

"இப்ப ஒரு கை போட்டியே."

"அது கொசுறுண்ணே." நான் கேட்டதே அவளுக்குப் புரியவில்லை.

எனக்கு அப்போது உறைத்தது வேறொன்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பதினைந்து பெட்டிகளாவது என் கண்முன் கட்டப்பட்டிருக்கும். உப்புப் பாக்கெட்டின் கவர் மூன்று கிராம் என்று எழுதியவன் இதை எழுதவில்லை. நிறுத்த பிறகு ஒரு கை அள்ளிப் போடுவது எங்கள் ஊரில் விற்பனையின் பகுதி இல்லை; நிறுவை முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம். கடலைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் நான் அதற்காகப் பையை விரித்துக் காத்திருப்பவன்தான். பழகிய கண்ணுக்கு அது செலவாகவே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா சிரித்தார். "நீங்க மொதல்லயே கேட்டிருந்தா சொல்லிருப்பேன். அது எம் பொருளா, நா அள்ளிப் போட?"

அந்தக் கையின் எடை என்ன என்று அறிய எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. பத்து முறை அள்ளச் சொல்லித் தனியாக நிறுத்தேன். தங்கை முதலில் வெட்கப்பட்டாள். பிறகு என்னைத் தோற்கடிக்கப் பார்த்தாள். மிகக் குறைவு முப்பத்தேழு. மிக அதிகம் நாற்பத்து நான்கு. பத்தும் சேர்த்து நானூற்று இரண்டு கிராம். ஆக, ஒரு கை நாற்பது கிராம். பருப்பாக இருபத்தெட்டு ரூபாய். அந்தப் பருப்பு பெட்டியை அரைக் கிலோவுக்கு மேலே தள்ளியதால் கூரியருக்கு நாற்பத்திரண்டு. மொத்தம் எழுபது.

எழுபத்தொன்றில் எழுபது போனால் ஒரு பெட்டிக்கு நின்றது ஒரு ரூபாய்.

அந்த ஒரு ரூபாயும் நிற்கவில்லை. வாங்கியவர் வீட்டில் ஆள் இல்லை என்று போன மாதம் ஐந்து பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. போகவும் வரவும் கூரியர், வீணான பெட்டி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று முப்பது. மாதம் முழுக்க உட்கார்ந்து கட்டியதில் தொள்ளாயிரத்து இருபது ரூபாய் நட்டம். அவளுடைய உழைப்புக்கு நான் இன்னும் விலை போடவில்லை.

தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"கொசுற நிறுத்திரு" என்றேன்.

"கை கூசும்ண்ணே."

"பூனாக்காரருக்குக் கொசுறுன்னாலே என்னன்னு தெரியாது. இதுவரைக்கும் ஒருத்தராவது கூட இருந்துச்சுன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"முன்னாடி நிக்கிற ஆளுக்கு ஒரு கை போடுவேன், நிக்காத ஆளுக்குப் போட மாட்டேனா? அது என்ன ஞாயம்?"

"சரி, முந்நூத்தி அறுவது நிறுத்துட்டு ஒரு கை போடு. நானூறு வந்துரும்."

என்னை அவள் பார்த்த மாதிரி என் அலுவலகத்தில் மேலதிகாரிகூடப் பார்த்ததில்லை. "அது கொசுறு இல்ல. அவுக காசுலயே அவுகளுக்குப் போடுறது. நீ இதையெல்லாம் ஒன் நோட்டுல எழுதிறாத."

எழுதிவிட்டேன்.

சமையலறைக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாகக் கொண்டுவந்தாள். காப்பித்தூள் கரண்டியில் ஒன்பது கிராம் கொண்டது. "இது பிச்ச போடுற மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டாள். டம்ளரில் ஐம்பதைத் தாண்டியது. கடைசியில் சின்ன ஊறுகாய்க் கிண்ணம். தலை தட்டினால் இருபது, இருபத்தொன்று. பெட்டியோடு நானூற்றுத் தொண்ணூறு. அரைக் கிலோவுக்குள் நின்றது. பதினான்கு ரூபாய்க்குக் கொசுறு. பெட்டிக்கு மீதி ஐம்பத்தேழு. ஐந்து பெட்டிகள் திரும்பி வரும் என்றே வைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். மாதம் பதினோராயிரத்து இருநூற்று அறுபது.

பதினைந்து இல்லை. இருவருக்கும் அது தெரிந்தது.

நான்கு மணிக்கு மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. எடுப்பதற்கு முன் அவளிடம் சொன்னேன்: "பழசச் சொல்ல வேணாம். பதினோராயிரம்னு மட்டும் சொல்லு." என் வாயிலிருந்து அப்படி ஒரு யோசனை வந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

"ரெண்டையும் சொல்லணும்" என்று எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

சொன்னாள். தொள்ளாயிரத்து இருபது நட்டம் என்பதை முதலில் சொன்னாள். கையையும் கிண்ணத்தையும் பிறகு சொன்னாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"அப்ப ஒரு வருசமா நா இங்க வெயில்ல காய்ஞ்சு, நீ அங்க பூனாவுக்கு முந்திரி அன்னதானம் பண்ணியிருக்க."

"ஆமாங்க. புண்ணியத்துல பாதி ஒங்களுக்கு."

"மச்சான் இருக்காரா? மச்சான், இந்தப் பதினோராயிரம் நெசமா, பேப்பர்லயா?"

"பேப்பர்லதான் மாப்ளே. ரெண்டு மூணு மாசம் ஓடிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"பதினஞ்சு இல்ல."

"இல்ல" என்று தங்கை சொன்னாள். "இருக்குன்னு சொல்லி ஒங்கள வரவச்சுட்டு, ஆறு மாசத்துல மறுபடி ஏஜெண்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தவா? ரெண்டு வருசத்துக்குப் போடாதீங்க. ஒரு வருசம் கேளுங்க. அதுக்குள்ள மீதி நாலாயிரத்த நா எங்கிட்டாவது தேடுறேன்."

"பத்தாவது பரிச்சைக்கு நா இருக்க மாட்டேனே."

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "ரிசல்ட்டுக்கு வந்துருங்கப்பா. அதுதான் முக்கியம்."

வியாழக்கிழமை தங்கையிடமிருந்து செய்தி வந்தது. கம்பெனி ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொண்டது. கையெழுத்துப் போட்டாயிற்று. காலை 11.20 என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது புதிய பெட்டிகள் போய் ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. கூரியர் கணக்கைத் திறந்தோம். அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. நான்கு நாள் தாண்டியும் புதிய பெட்டிகளின் கீழே நாற்பத்திரண்டு எங்குமே இல்லை. தங்கை அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு கட்ட உட்கார்ந்தாள். நானூறு நிறுத்தாள். ஊறுகாய்க் கிண்ணத்தைத் தலை தட்டிக் கவிழ்த்தாள். ஒட்டப் போனவள், என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பருப்பை எடுத்து உள்ளே போட்டாள்.

"பத்து கிராம் எடம் இருக்குல்ல?" என்றாள்.

பெட்டியை வாங்கித் தராசில் வைத்தேன். 491.