ட்யூப் லைட்டும் லேதாவின் கண்ணும்

பிராத்தோ ஊரில் நாங்கள் பழைய கம்பளித் துணிகளை நிறவாரியாகப் பிரித்து மறுபடி நூலாக்குகிறவர்கள். சாயம் போடுவதில்லை. பிரிக்கிறவளின் கண் தவறினால் துணியும் தவறிவிடும். எங்கள் பட்டறையில் அந்தக் கண் லேதா பர்தாஸியுடையது. முப்பது வருஷமாக எனக்குப் பக்கத்து மேசை. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கருநீலத்தில் மட்டும் பதினோரு வகை பிரிப்பாள்.

ஒரு குளிர்காலத்தில் முதலாளி குவார்துச்சி, காற்று வருகிறதென்று வடக்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு ட்யூப் லைட் மாட்டினார். மகா புத்திசாலி. அந்த வெளிச்சத்தில் ஒரே கருநீலம் என்று லேதா பிரித்த இரண்டு மூட்டைகளிலிருந்து ஊர் பேண்டு குழுவுக்குக் கோட்டு தைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சதுக்கத்துக்கு வந்து நின்றால், பாதிப் பேர் ஊதா. ஊரே சிரித்தது.

திங்களன்று முதலாளி நேராக லேதாவிடம் வந்தார்.

"உன் கண்ணு போச்சு, லேதா. இனிமே பட்டன் வெட்டுற மேசைக்குப் போயிடு."

பழைய துணிகளிலிருந்து பட்டனை வெட்டியெடுக்கிற அந்த மேசை புதிதாகச் சேருகிறவர்களின் இடம். லேதா கத்தரியைத் தொடவில்லை. மத்தியானம் ரொட்டிகூடத் தின்னாமல் நெசவுப் பள்ளி வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் பத்து ஸ்வெட்டர்களை முதலாளி முன்னால் கொட்டினாள்.

"ஒரே நிறமா இருக்கற ரெண்ட நீங்களே எடுங்க."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டை எடுத்தார். "இதுல என்ன, குருடன்கூடச் சொல்வான்."

"முற்றத்துக்கு வாங்க."

"எனக்கு வேலை இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு, முதலாளி. நேத்து வரைக்கும்."

போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். வெயிலில் ஒன்று கருநீலமாகவே இருந்தது. மற்றது கத்திரிக்காய் நிறம்.

"வாத்தியார் சொன்னாரு, வெயில்ல வெளிச்சத்தோட எல்லா அலையும் இருக்கு," என்றாள் லேதா. "அதுல நீளமானதுதான் சிவப்பு. உங்க லைட்டுல அது ரொம்பக் கம்மி. இந்த ஸ்வெட்டர் சிவப்பையும் திருப்பி அனுப்பும். வந்தாத்தான அனுப்பும்? அனுப்பாதத கண்ணு எங்கேருந்து பாக்கும்?"

"சரி, சரி. குளிர் போகட்டும், ஜன்னலப் பாத்துக்கலாம்."

லேதா உள்ளே போனாள். மேலங்கிப் பையிலிருந்து புருஷனின் சுத்தியலை எடுத்து அடைத்த சுவரில் ஓங்கிப் போட்டாள். நான் ஒரு இரும்புக் கம்பியோடு சேர்ந்துகொண்டேன்.

"ஏய், குளிர்ல விறைச்சுச் சாவப் போறோம்," என்று கத்தினார் முதலாளி.

"ஸ்வெட்டருக்கா பஞ்சம் இங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசிச் செங்கல் விழுந்ததும் லேதா தன் பழைய மேசையில் உட்கார்ந்து, பட்டன் கத்தரியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அந்த ஊதாக் கோட்டெல்லாம் திரும்பி வரும். பட்டன் வெட்ட ஆள் வேணும், முதலாளி."

வாங்கிக்கொண்டார்.