காவல் இல்லாத கப்பல்கள்

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விரிக்கும் கப்பற்படைப் பலகை விளையாட்டு ஆண்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் பலம் அதிகம். கணவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது வாங்கி வந்த பெட்டி அது. அண்ணனும் தம்பியும் பொழுதெல்லாம் ஆடுவார்கள். மத்தியானம் அவர்கள் தூங்கும்போது விதிப் புத்தகத்தை நான் முழுதாகப் படித்துவிட்டேன். அவர்கள் பாதிகூடத் தாண்டியதில்லை.

ஒருநாள், "நானும் ஆடுறேன்" என்றேன்.

மூத்தவர் சிரித்தார். "ஆத்துத் தண்ணி கடைசியா எட்டிப் பாக்குற கடைமடைப் பொண்ணும்மா நீ. இது கப்பல் சண்டை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடல் எங்க சீர்காழிப் பக்கந்தான் மாமா இருக்கு, பாபநாசத்துல இல்ல."

"சரி, ஆடு. தோத்தா இந்தப் பெட்டி பக்கமே வரக் கூடாது."

ஒப்புக்கொண்டேன்.

ஆறு சுற்றுக்குள் என் துறைமுகத்தில் படையை இறக்கினால் அவர் ஜெயிப்பார், இல்லாவிட்டால் நான். என்னிடம் இருந்ததில் உருப்படியானவை இரண்டு நீர்மூழ்கிகள். நீர்மூழ்கியை வேட்டையாடும் கப்பலான டெஸ்ட்ராயர் நிற்கும் கட்டத்தில் நீர்மூழ்கி ஒளியவும் முடியாது, முந்திச் சுடவும் முடியாது. டெஸ்ட்ராயர் இல்லையென்றால் அது வைத்ததுதான் சட்டம். அவரோ அத்தனை டெஸ்ட்ராயர்களையும் என் துறைமுக வாசலில் கொண்டுவந்து குவித்தார். படையை ஏற்றிய மூன்று கப்பல்கள் பின்னால் தனியாக வந்தன.

தலைமடைக்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு. ஆற்றில் தண்ணீர் விட்டால் முதலில் இருக்கும் அவர்கள் வயலுக்கு அது தானாக வந்துவிடும். எங்கள் ஊரில் மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுக ஆள் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே எவனாவது மடையைத் திருப்பிக்கொள்வான், நாற்று காயும்.

ஐந்தாம் சுற்றில் இரண்டு நீர்மூழ்கிகளையும் அந்த வழியில் விட்டேன். மூன்று கப்பலும் மூழ்கின. வாசலில் டெஸ்ட்ராயர்கள் ஜம்மென்று நின்றன, கரையில் இறங்கத்தான் ஆளில்லை.

"இது செல்லாது. திருட்டு அடி!" என்றார் மூத்தவர்.

விதிப் புத்தகத்தில் நீர்மூழ்கிப் பக்கத்தைப் பிரித்துக் கணவரிடம் நீட்டினேன். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, குரல் இறங்க இறங்க, ஆனாலும் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். ஆறாம் சுற்றும் முடிந்தது.

மூத்தவர் எழுந்துவிட்டார். "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். எடுத்து வைங்க."

எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம், அதைவிட அதிகமாகக் கோபம். பெட்டி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"தோத்தவங்க பெட்டி பக்கம் வரக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன் மாமா. உக்காருங்க."