என் கையால் எழுதிய பைலா

முடிச்சூரில் வெள்ளம் புகுந்தபோது எங்கள் தெருவே என் வாடகை மாடி வீட்டில்தான் மூன்று நாள் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் குடியிருப்போர் சங்கம் தொடங்கினோம். இனி ஒருவரையும் கைவிடக் கூடாது என்பது நோக்கம். அதை எழுதியவன் நான். விதிகளை மட்டும், அறிவுகெட்டவன், சேலையூர்ச் சங்கம் ஒன்றின் பைலாவைப் பார்த்து, யோசிக்காமல் அப்படியே காப்பியடித்தேன்.

அந்த மூன்று நாளும் என் பாயில் படுத்துக் கிடந்த எதிர்வீட்டுக்காரர் தலைவரானார். செயலாளர் தேர்வில் ஓட்டுப் போடக் கை தூக்கினேன். தடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். சொந்த வீட்டுக்காரங்கதான் மெம்பர்னு பைலாவுல இருக்கு."

நீட்டிய தாளில் என் கையெழுத்துதான். எழுந்தேன். வாசல்வரை கூடவே வந்தார்.

"மழை வந்தா மாடிக் கதவ மட்டும் திறந்து வைங்க சார். சங்கமே உங்கள நம்பித்தான் இருக்கு."