வெள்ளிக்கிழமைத் தங்கம்

1. காலையில் கள்ளிக்குப்பம் ஃபிளாட்டின் சமையலறையில் காஸ் நாற்றம்.
2. ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னலைத் திறந்தேன்.
3. டியூபில் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழியும் இல்லை.
4. எதிர்வீட்டு அக்கா வந்து முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் வரலையேம்மா" என்றார்.
5. இருப்புக்கொள்ளாமல் மறுபடி 3.

எனக்கு மட்டும் வரும் இந்த நாற்றம் பழைய சிநேகிதம். கசிந்தால் தெரியட்டும் என்று காஸில் ஒரு கந்தகச் சேர்மம் கலக்கிறார்களே, அதன் நெருங்கிய உறவோடுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேபில் என் முதல் வேலை. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில், லேடீஸ் பெட்டியில் போய்வருவேன். திரும்பும்போது பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "இன்னாம்மா, பைல சிலிண்டர் வெச்சிகினு கீறியா?" என்று பூக்கார அக்கா கேட்க, பெட்டியே சிரித்தது. நானும்தான், வேறென்ன செய்ய?

வேலை இதுதான். தங்கம் பூசிய கண்ணாடித் தகட்டைக் கரைசலில் ஊறவைத்தால், மூலக்கூறுகள் கந்தகத் தலையால் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே அடுக்காக நிற்கும். அந்த லேடீஸ் பெட்டி மாதிரியே: முதலில் ஏறியவர்கள் காலை நீட்டிக் கிடப்பார்கள், கூட்டம் ஏற ஏற எல்லோரும் எழுந்து, ஒரே பக்கம் சாய்ந்து, நெருக்கி நிற்பார்கள். நடுவில் ஓர் இடம் காலியானால் அது ஓட்டை. உப்புநீர் உள்ளே போய்த் தங்கத்தைத் தொடும். அந்தத் தகட்டை வைத்து நாங்கள் செய்யும் சென்சார் உளறும்.

உளறியது. "இந்த மாசமும் ஓட்டை விழுந்தா உன்னைப் பர்மனென்ட் பண்ண முடியாதும்மா" என்றார் முதலாளி. மற்ற நாள் தகடுகள் நன்றாகவே இருந்தன. வெள்ளிக்கிழமைத் தகடுகள்தான் கெட்டன.

பூச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட டில்லி அண்ணன், வெள்ளிக்கிழமைகளில் தகடுகளை வெளியே எடுத்ததும் கற்பூரம் காட்டுவார். தங்கம் லட்சுமியாயிற்றே. நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேலை நிலைக்க வேண்டிக்கொள்வேன். ஒருநாள் தகடுகள் அடுக்கிய தட்டின் விளிம்பைத் துடைத்த டிஷ்யூவில் கரி. கரித்துகள் உட்கார்ந்த இடத்தில் மூலக்கூறு எங்கே நிற்கும்? அண்ணனிடம் சொன்னேன்.

"சாமிக்குக் காட்றதுலதான் ஓட்ட வுழுதா? நல்லா கீதே நியாயம்!"

"வெளிய வெச்சுக் காட்டுங்கண்ணா, ப்ளீஸ்."

படிக்கட்டுக்குப் போனார், எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே: "லட்சுமியவே வாசல்ல நிக்க வெச்சிட்சிப்பா இந்தப் பொண்ணு!" அந்த வாரத் தகட்டில் ஓட்டை இல்லை. பர்மனென்ட் ஆனேன்.

லேப் அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஓடவில்லை. இப்போது அங்கே பார்சல் கிடங்கு. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். படிக்கட்டுச் சுவரில் கற்பூரக் கரி படிந்திருந்த இடத்தில் வெள்ளையடித்துவிட்டார்கள். டில்லி அண்ணனின் நம்பர் உபயோகத்தில் இல்லை. நான் வீட்டிலிருந்தபடி சாஃப்ட்வேர் சோதிக்கிறேன்.

காஸ் கசியவில்லை. ரெகுலேட்டரை இன்னும் திறக்கவில்லை.